மொட்டை மாடியிலிருந்து மல்லிகைப் பாத்தி வரை

கொத்தனாரைக் கூப்பிடும் முன், குழாய்க் கடைக்குப் போகும் முன், ஒரு நல்ல மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அரை மணி நேரம் போதும். மாடித் தண்ணீர் எந்த மூலைக்கு ஓடுகிறது, எந்தக் குழாய் வாய் நிறையக் கொட்டுகிறது, எது வெறுமனே சொட்டுகிறது, தரையில் விழுந்த நீர் மதிலோரம் தேங்குகிறதா, கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போகிறதா என்று பாருங்கள். வெயில் காலத்தில் வரைபடம் போட்டுச் செய்த வேலை முதல் மழையிலேயே பிசகிப்போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வாட்டம் பார்த்துத்தான் ஓடும். அந்த வாட்டத்தை மழை நாளில்தான் கண்ணால் பார்க்க முடியும்.

எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2003-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, தாம்பரம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலும் அவசரமாக ஒரு குழி வெட்டி, ஜல்லி போட்டு, மேலே பலகைக்கல் வைத்து மூடினார்கள். அதன் பிறகு பதினாறு ஆண்டுகள் யாரும் அதைத் திறக்கவில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்தபோது, எங்கள் கிணறும் அடி தெரியக் கிடந்தது. அப்போதுதான் பலகைக்கல்லை நெம்பினோம். இடுக்கு வழியே விழுந்த வேப்பஞ்சருகும் மண்ணும் ஜல்லியோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தன. மாடியிலிருந்து இறங்கிய குழாயோ குழிக்கு ஓர் அடி முன்னாலேயே மண்ணுக்குள் முடிந்திருந்தது. பதினாறு ஐப்பசி கடந்தும் மாடித் தண்ணீர் ஒரு வாளிகூட அந்தக் குழிக்குப் போகவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு 2003 குழி இருக்கலாம். புதிதாக எதையும் கட்டும் முன் அதைத் திறந்து பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கரைத்து, மாடிக் குழாயின் வாயில் ஊற்றுங்கள். மஞ்சள் நீர் குழிக்குள் வந்தால் குழாய் சேர்ந்திருக்கிறது. வராவிட்டால் எங்கே கசிகிறது என்று தேடுங்கள். பாதி வீடுகளில் செலவு அந்த ஒரு முழக் குழாயோடு முடிந்துவிடும்.

கைக்கு எவ்வளவு வரும்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நாம் வீட்டைச் சதுர அடியில் அளப்பவர்கள் என்பதால் இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: நூறு சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 93 லிட்டர். சுட்ட தளம் குடிப்பது, காற்றில் சிதறுவது, முதல் அழுக்கோடு நாமே வெளியே விடுவது எல்லாம் போக, சுமார் 75 லிட்டர் கைக்கு வரும்.

எங்கள் மாடி இருபதுக்கு முப்பது, 600 சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 450 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் பெய்கிறது. பெருக்கினால் 63,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஐந்துக்கு மேல். இது பெரிய பங்களாவின் கணக்கு இல்லை, சாதாரண வீட்டுக் கணக்கு.

ஆனால் அந்த 63,000 லிட்டரும் மாதாமாதம் தவணை முறையில் வராது. பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்துவிடும். அந்த மூன்று மாதத்திலும் சில நாட்களில்தான் கொட்டித் தீர்க்கும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் மாடிக்கு அது 22,000 லிட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர். இதையெல்லாம் பிடித்து வைக்கும் தொட்டியை எந்த வீட்டிலும் கட்ட முடியாது, கட்டவும் வேண்டியதில்லை.

"எவ்வளவு பெரிய தொட்டி கட்டலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம், "எதற்குப் புழங்கப் போகிறீர்கள்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். 6,000 லிட்டர் சம்ப் ஒன்று நிறைந்திருக்கிறது என்று வையுங்கள். நான்கு பேர் குளியல், துணி, கழிப்பறை என எல்லாவற்றுக்கும் அதை எடுத்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்குப்படி, பதினோரு நாளில் தரை தட்டும். அதே தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும், ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் எடுத்தால் 300 நாள் வரும். கார்த்திகையில் பிடித்தது அடுத்த புரட்டாசி வரை அடுப்படிக்குப் போதும். அதனால் என் தீர்மானம் இதுதான்: சமையலறைக்கென்று மூடிய சிறு தொட்டி ஒன்று, மீதி முழுவதும் கிணற்றுக்கும் மண்ணுக்கும்.

இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அங்கே சிறிய தொட்டி ஆண்டுக்குப் பல முறை நிரம்பும். ராமநாதபுரத்தில் ஒரே பருவத்து மழையை வைத்துக்கொண்டு நீண்ட வறட்சியைத் தாண்ட வேண்டும். ஊர்தோறும் ஊருணி வெட்டி வைத்ததற்குக் காரணம் அதுதான். உங்கள் இடத்து மழையை நீங்களே அளந்து பாருங்கள். அடி தட்டையான, பக்கம் நேரான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் வைத்து, உள்ளே நிற்கும் நீரின் உயரத்தைத் தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேலால் அளந்து எழுதிவிட்டுக் கொட்டுங்கள். வானிலை ஆய்வு மையமும் எட்டரைக்குத்தான் அளக்கிறது. செய்தித்தாளில் வரும் அளவோடு உங்கள் அளவை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாடித் தளம்

தளத்தின் வாட்டம் பத்தடிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்தும் எங்காவது தண்ணீர் நின்றால், அந்த இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறித்துவிட்டு, காய்ந்த பிறகு கொத்தனாரைக் கொண்டு தட்டோட்டை எடுத்து மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். தேங்கும் நீரால் சேகரிப்பு மட்டுமல்ல, கூரையும் கெடும்.

கொட்டும் மழைக்கு நாலங்குலக் குழாய் ஒன்று 400 முதல் 450 சதுர அடிக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் இருந்தால் இரண்டாவது குழாய் வேண்டும். குழாய் வாயில் தட்டையான சல்லடை வைக்காதீர்கள், ஒரே ஒரு வாதுமை இலை படிந்தால் அடைத்துவிடும். கூம்பாக எழுந்து நிற்கும் சல்லடைதான் சரி. இலை அடியில் ஒட்டிக்கொண்டாலும் மேல்பக்கத் துளை வழியே நீர் இறங்கும்.

ஓட்டு வீடாக இருந்தால் தாழ்வாரத்து விளிம்பில் தகரத் தூம்போ, நீளவாக்கில் அறுத்த பிவிசி குழாயோ கட்டலாம். முட்டுக் கம்பி மூன்றடிக்கு ஒன்று இல்லாவிட்டால், நீர் நிறைந்ததும் நடுவில் தொய்ந்து வழியும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் நீரை நான் அடுப்படிக்கு எடுப்பதில்லை, செடிக்கு விட்டுவிடுகிறேன். புதிதாக வெப்பத் தடுப்புப் பூச்சு அடித்த மாடியிலும் முதல் சில மழைகளை வெளியே விட்டுவிடுங்கள்.

மாடியில் துணி துவைப்பதையும், அங்கே நாய் கட்டுவதையும், பழைய பெயின்ட் டப்பாவும் பேட்டரியும் அடுக்குவதையும் மழைக்காலத்துக்கு மட்டுமாவது நிறுத்த வேண்டும். இன்னொன்று, தீபாவளி. பெரும்பாலும் ஐப்பசியில், சரியாக மழைக்கு நடுவில் வரும். வெடித்த மருந்தில் கந்தகமும் பேரியம் முதலான உலோக உப்புகளும் உண்டு. அவை மாடியெங்கும் படிந்திருக்கும். மறுநாள் காலையில் காகிதத்தைக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவிக் குழாய்க்குள் தள்ளிவிடாதீர்கள். அடுத்து வரும் ஒரு முழு மழையைச் சமையல் தொட்டிக்கு விடாமல் திருப்பிவிடுங்கள். இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. பட்டாசு மணத்தோடு ஒரு வாளி நீரைப் பிடித்த பிறகு கற்றுக்கொண்டேன்.

முதல் மழையை விட்டுவிடுங்கள்

நம் பாட்டிமார் இதை அறிந்தவர்கள். மழை பிடித்ததும் ஓடிப்போய் அண்டாவை வைக்க மாட்டார்கள். ஓடு கழுவிவரும் வரை பொறுத்திருந்து, நீர் தெளிந்த பிறகுதான் வைப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளில் நான்கு பக்கக் கூரை நீரும் முற்றத்தில் இறங்கும் இடத்தில் பிடித்ததும் அந்தத் தெளிந்த நீரைத்தான். வெட்டவெளியில் நான்கு கம்பு நட்டு, வெளுத்த வேட்டியின் நான்கு முனையையும் கட்டி, நடுவில் ஒரு கல்லை வைத்து, அதன் அடியில் குடம் வைப்பதும் உண்டு. அந்த நீர் கூரையையே தொடுவதில்லை.

வீட்டில் ஆள் இல்லாதபோதும் அந்த வேலையைச் செய்ய ஒரு குழாய் போதும். கூரையிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு டீ போட்டு, அதன் கீழ்வாயில் ஆறங்குலக் குழாய் ஒன்றை நெட்டாக நிறுத்துங்கள். அடியில் கழற்றக்கூடிய மூடி, மூடிக்கு மேல் ஒரு சிறு குழாய்த் திருகு. மழை பெய்ததும் முதலில் வரும் அழுக்கு நீர் அந்த நெட்டுக் குழாயை நிரப்பும். நிரம்பிய பிறகு வருவதுதான் பக்கவாட்டில் திரும்பித் தொட்டிக்குப் போகும். பத்தடி உயர ஆறங்குலக் குழாய் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். 600 சதுர அடி மாடிக்கு அது முதல் ஒரு மில்லிமீட்டர் மழை. மரமும் புறாவும் அதிகம் உள்ள மாடிக்கு அதில் இரண்டு மடங்கு தேவை. நாலங்குலக் குழாய் இதே உயரத்துக்கு 25 லிட்டர்தான் பிடிக்கும் என்பதால் அதை வைத்து ஏமாற வேண்டாம்.

திருகை முழுவதும் மூடிவிட்டால், நேற்றைய அழுக்கு நீர் இன்றும் அங்கேயே நிற்கும். இன்று வரும் அழுக்கு நேரே தொட்டிக்குப் போய்விடும். சொட்டுச் சொட்டாக ஒழுகும்படி திருகைக் கொஞ்சம் திறந்தே வைத்து, அந்தச் சொட்டு ஒரு கறிவேப்பிலைச் செடிக்கோ வாழைக்கோ போகும்படி விடுங்கள். மழை விட்டதும் ஒரு நாளுக்குள் குழாய் காலியாகி அடுத்த மழைக்குத் தயாராக இருக்கும்.

சம்ப், கிணறு, உறை

தெளிந்த நீர் முதலில் சமையல் தொட்டிக்குப் போகட்டும். அது நிறைந்ததும் வழியும் நீர் கிணற்றுக்குப் போகட்டும். கிணறு இல்லாத வீட்டில் உறை இறக்கிய குழிக்கு. அங்கேயும் மிஞ்சினால் தோட்டத்துக்கு. இந்த வரிசையைக் குழாயின் உயரத்தாலேயே அமைக்கலாம், மோட்டார் எதுவும் வேண்டாம். தொட்டியின் வழிகுழாய், உள்ளே வரும் குழாயைவிட ஓர் அங்குலமாவது பெரியதாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காத வீட்டில் சம்ப் நிறைந்து மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்ததைப் பார்த்திருக்கிறேன். குடிநீர் வாரியத் தண்ணீர் விழும் சம்பையும் மழைநீர்த் தொட்டியையும் ஒன்றாக்காதீர்கள். ஒன்று கெட்டால் இரண்டும் கெடும்.

வீட்டில் திறந்த கிணறு இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். வற்றிவிட்டது என்று குப்பை போட்டு மூடிய கிணறுகள் சென்னையில் ஏராளம். மூடாமல் இருந்தால் அதைத் தூர் வாருங்கள். மாடி நீரைக் கிணற்றுக்குள் விடும் முன் இரண்டுக்கு இரண்டு, மூன்றடி ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டுங்கள். வரும் குழாயும் போகும் குழாயும் எதிரெதிர்ச் சுவரில், தொட்டியின் அடித்தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே இருக்கட்டும். மண்ணும் சருகும் அடியில் தங்கிவிடும், மேல் நீர் மட்டும் போகும். போகும் குழாயின் வாயில் நைலான் வலை ஒன்றைக் கட்டினால் போதும்.

மணலும் கரியும் ஜல்லியும் அடுக்கடுக்காகப் போட்ட வடிகட்டியைப் பலர் சொல்வார்கள். சமையல் தொட்டிக்கு அது நல்லது. கீழே 40 மில்லிமீட்டர் ஜல்லி, அதன் மேல் 20 மில்லிமீட்டர் ஜல்லி, அதற்கும் மேல் கழுவிய பெருமணல், இடையிடையே நைலான் வலை. ஆனால் கிணற்றுக்கும் உறைக்கும் மணல் வடிகட்டி வேண்டாம் என்பது என் அனுபவம். கொட்டும் மழைக்கு மணல் வழிவிடாது, தண்ணீர் பின்வாங்கித் தெருவுக்குப் போய்விடும். எங்கள் 2003 குழியும் ஜல்லி போட்டு நிரப்பியதால்தான் அடைத்துக்கொண்டது. உள்ளே எதையும் நிரப்பாமல் காலியாக விட்ட உறையை ஆள் இறங்கிச் சுத்தம் செய்யலாம். ஜல்லி நிரப்பிய குழியை அப்படிச் செய்ய முடியாது. சேகர் ராகவன் 2002-ல் மந்தைவெளியில் தொடங்கிய ரெயின் சென்டரில் மாதிரிகளைப் பார்த்தபோதுதான், இவ்வளவு எளிய அமைப்பு போதும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

உறைக் குழி என்பது மூன்றடி விட்டம், பதினைந்து முதல் பதினேழு அடி ஆழம். சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, பக்கத்தில் துளையிட்டு, அடியை மூடாமல் விட்டு, மேலே துளையுள்ள கான்கிரீட் மூடி போட வேண்டும். அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளியிருக்கட்டும். செப்டிக் டேங்க் வீட்டின் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு நேர் எதிர்ப் பக்கம் இடம் பாருங்கள். மனை சிறியது என்று இரண்டையும் அருகருகே வைத்தால், நிலத்தடிக்கு மழை நீரோடு மலக்கிருமியையும் சேர்த்து அனுப்புகிறோம்.

வெட்டும் முன் மண்ணைச் சோதியுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி, இரண்டடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது ஊறி இறங்கிய பிறகு மறுபடி நிரப்பி, கடிகாரத்தைப் பாருங்கள். கால் மணி நேரத்தில் ஓரங்குலத்துக்கு மேல் இறங்கினால் மண் குடிக்கும் மண். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் கண்ணெதிரே இறங்கும். காலை வரை அப்படியே நின்றால் அது களி. அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கமெல்லாம் அந்தக் களி உண்டு. அங்கே உறையின் அடியிலிருந்து கைத்துளைப்பானால் ஆறு முதல் ஒன்பதங்குலத் துளை போட்டு, மணல் அடுக்கைத் தொடும் வரை இறக்க வேண்டும். கிண்டி, வேளச்சேரி போன்ற பாறைப் பகுதியில் புதிய குழியைவிடப் பழைய திறந்த கிணறே கைகொடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் போர்வெல்லுக்குள் மாடி நீரை நேரே விடாதீர்கள். வண்டல் இறங்கி ஊற்றுக்கண்ணை அடைத்தால் போர் போய்விடும்.

கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு இந்த வேலை இன்னும் அவசரமானது. அங்கே நல்ல தண்ணீர், கனத்த உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி வரை உப்பு ஏறாமல் அழுத்திப் பிடித்திருக்கும் என்பது நிலநீரியல் கணக்கு. மேலிருந்து ஓரடியை மோட்டார் போட்டு இறைத்தால், கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பாறையின் மேல் அமர்ந்து, கிணற்றைப் பெரிதும் நம்பி வாழும் யாழ்ப்பாணத்துக்கும் இதே நிலைதான்.

தோட்டம்

போர் தண்ணீர் ஊற்றி வளர்த்த தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பு வேரடியிலும் இருக்கிறது. மல்லிகையின் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவதற்கு, சத்துக் குறைவைவிடப் பெரும்பாலும் தண்ணீரின் காரத்தன்மைதான் காரணம். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. ஒரு வாரம் அடைமழை பெய்ததும் அதே செடி கரும்பச்சையாகத் திரும்புகிறது. மழைநீர் உப்பே இல்லாதது, சற்றே புளிப்பானது. வேரடி உப்பைக் கரைத்துக் கீழே தள்ளிவிடும்.

அதனால் தோட்டத்துக்கென்று ஒரு 200 லிட்டர் நீல டிரம் வையுங்கள். கார் நிறுத்தும் கொட்டகையின் நூறு சதுர அடிக் கூரை போதும், மூன்று சென்டிமீட்டர் மழைக்குள் நிறைந்துவிடும். நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். நாலு செங்கல்லை அடுக்கி அதன் மேல் வைக்காதீர்கள். கருங்கல்லின் மேலோ, பூசிய மேடையின் மேலோ ஓரடி உயரத்தில் வைத்தால் பூவாளி அடியில் நுழையும். கீழே திருகு, மேலே வலை கட்டிய மூடி, வழிந்தால் போக ஒரு குழாய்.

டிரம்மில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இருபது தொட்டிச் செடிக்குத் தினம் ஒரு லிட்டர் என்றால் பத்து நாளில் காலி. கோடைக்கு அது வராது. நாற்று, எலுமிச்சை, மல்லிகை, ஆர்க்கிட் போன்ற உப்புத் தாங்காதவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குப் பெரிய தொட்டி மண்தான்.

மண்ணில் நீரைத் தங்கவைக்க நான் செய்வது மூன்று வேலை. முதலாவது, தோட்டத்து மண்ணை நடைபாதையைவிட இரண்டங்குலம் தாழ்த்துவது. நம் வீடுகளில் பாத்திக்குச் செங்கல் கட்டி உயர்த்திவிடுகிறார்கள். சிமென்ட் தரையில் விழும் மழையெல்லாம் பாத்தியைத் தொடாமலே கேட்டுக்கு ஓடுகிறது. அந்தச் செங்கல் வரிசையில் நாலடிக்கு ஒரு கல்லை எடுத்துவிட்டாலே போதும், தரைத் தண்ணீர் செடிக்குத் திரும்பிவிடும்.

இரண்டாவது, மூடாக்கு. சருகு, காய்ந்த வாழை மட்டை, தென்னை நார்க்கழிவு என எது கிடைத்தாலும் மூன்றங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு கைப்பிடி இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். தென்னைக்கு ஆறடி ஆரத்தில் வட்டப் பாத்தி எடுத்து, உரித்த மட்டைகளைக் கவிழ்த்து, முதுகு மேலே தெரியும்படி அடுக்குங்கள். நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொரு மட்டையும் ஒரு கொசுத் தொட்டியாகிவிடும். மண்ணுக்குள் புதைப்பதாக இருந்தால் இதற்கு நேர்மாறு, குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் நீரைப் பிடித்து வைக்கும்.

மூன்றாவது வேலை பருவத்துக்கு ஏற்பப் பாத்தியை மாற்றுவது. ஐப்பசி, கார்த்திகையில் கீரையும் கத்தரியும் மேட்டுப்பாத்தியில் இருக்க வேண்டும், அவற்றுக்கு இடையே வாய்க்கால் வேண்டும். தை கழிந்ததும் மேட்டைக் கலைத்துக் குழிப்பாத்தியாக்கினால் ஊற்றும் நீர் வெளியே ஓடாது. பப்பாளியை ஒருபோதும் நீர் தேங்கும் இடத்தில் வைக்காதீர்கள், இரண்டு நாள் காலடியில் நீர் நின்றாலே வேர் அழுகிச் சாய்ந்துவிடும். தோட்டத்தின் மிகத் தாழ்ந்த மூலையை வாழைக்கும் கல்வாழைக்கும் கொடுங்கள். எல்லாத் தொட்டியும் நிறைந்து வழியும் நீரை அந்த மூலைக்குத் திருப்பினால், மழை நாளில் அது சிறு குளமாக நின்று மெல்ல வடியும்.

கோடையில் பானைப் பாசனத்தையும் முயன்று பாருங்கள். சுட்ட மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், சுற்றி இருக்கும் நான்கைந்து செடிகளின் வேர் பானையைத் தேடி வந்து கசிவைக் குடிக்கும். வண்ணம் பூசிய பானை கசியாது. கடைத்தெருவில் வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள்.

அடுப்படிக்கும் கொசுவுக்கும்

மழைத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வெந்துவிடும், சோப்பு நுரைக்கும், ஹீட்டர் கம்பியில் பொருக்குத் தட்டாது. எல்லாம் சுண்ணாம்பு இல்லாததால். ஆனால் குடிப்பதற்குக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். தெளிவாக இருக்கும் நீரிலும் பறவை எச்சத்தின் கிருமி இருக்கலாம். தொட்டியில் கலங்கல் இருந்தால் நம்மவர்கள் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலக்குவார்கள், கலங்கல் அடியில் தங்கும். அது தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. கிருமிக்கு 1,000 லிட்டருக்கு நான்கு கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, மேல் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். லேசாகக் குளோரின் மணம் வந்தால் போதுமான அளவு. நாள்பட்டுத் திறந்து கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது.

கொசு விஷயத்தில் தளர்ச்சியே கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரைத்தான் தேடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டையோ நீர் வற்றிய பின்னும் சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால் வாரம் ஒரு நாள் டிரம்மை நீர் கொட்டிக் கவிழ்ப்பது மட்டும் போதாது, உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். வழிகுழாய், காற்றுக் குழாய் என வெளியே திறக்கும் ஒவ்வொரு வாய்க்கும் கொசுவலை கட்டுங்கள். தொட்டிச் செடியின் அடித்தட்டையும் மறந்துவிடாதீர்கள்.

எப்போது எதைச் செய்வது

ஆவணி கடைசியில் வண்டல் தொட்டியை அள்ளுங்கள், சமையல் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். அள்ளிய வண்டல் ரோஜாவுக்கு நல்ல உரம். புரட்டாசியில் மாடியைக் கூட்டி, சல்லடைகளைப் பொருத்தி, மஞ்சள் தண்ணீர்ச் சோதனையை ஒரு முறை செய்யுங்கள். மழைக்காலம் முழுவதும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் நெட்டுக் குழாயின் அடிமூடியைக் கழற்றிச் சேற்றைத் தள்ள வேண்டும். இது ஐந்து நிமிட வேலை. ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் இதற்குப் பொறுப்பு என்று சொல்லி வைக்காவிட்டால் நடக்காது. எங்கள் வீட்டில் அதை அம்மாவின் கையில் கொடுத்திருக்கிறோம். "அழுக்கு எடுத்தாச்சா?" என்று கேட்டால், "நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்டா" என்பார்.

மார்கழியில் மழை ஓய்ந்ததும் சமையல் தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிடுங்கள். போகிக் கரியும் கோடைத் தூசியும் தொட்டிக்குப் போகக் கூடாது. இடையில் வரும் சித்திரை மழையைக் கிணற்றுக்கே விட்டுவிடலாம்.

கிணறு உள்ளவர்கள் தை முதல் தேதியில் இன்னொரு வேலை செய்யுங்கள். ஒரு நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, கிணற்று விளிம்பிலிருந்து நீர் தொடும் வரை எத்தனை முடிச்சு என்று எண்ணி, மழை அளவு எழுதிய அதே நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். காலையில் மோட்டார் போடும் முன் அளக்க வேண்டும். வைகாசி முதல் தேதியில் மறுபடி அளந்து, பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த தையிலும் அதே கயிறுதான், அதே இடத்திலிருந்துதான்.